தொட்டியில் கிளி

தர்மாம்பாளுக்குக் கைவேலை தெரிந்த மருமகள்தான் வேண்டும். மகன் வைத்தாவுக்காக ஏழெட்டுப் பெண்களைத் தட்டிக் கழித்துவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூரில் ஜானுவைப் பார்க்க வந்திருந்தாள்.

வாசற்படி ஏறும்போதே நின்றுவிட்டாள். வரிசையாக மண் பூந்தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பெயிண்டில் வரைந்த பச்சைக்கிளி.

“யார் போட்டது?”

“எங்க ஜானுதான்,” என்றாள் பெண்ணின் தாயார். “நேத்து நாங்க கோவிலுக்குப் போயிட்டு வரதுக்குள்ள போட்டு வெச்சுட்டா.”

ஜானு தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்ன அடக்கம்,” என்று பூரித்துப்போன தர்மாம்பாள், பஜ்ஜி வருவதற்குள்ளேயே சம்மதம் சொல்லிவிட்டாள்.

பஜ்ஜி வந்தது. வைத்தா கையை நீட்டினான். நக இடுக்கெல்லாம் பச்சை.

தர்மாம்பாள் அவன் நகத்தைப் பார்த்தாள். பிறகு ஜானுவைப் பார்த்தாள். திரும்பிப் போக ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மகன் பக்கம் திரும்பினாள்.

“நேத்து ஆபீஸ்ல வேலைன்னு சொன்னியேடா, இந்த வேலைதானா?”

வைத்தா விரல்களை மடக்கிக்கொண்டான். “அவளுக்கு வரையத் தெரியாதும்மா. நீ வேண்டாம்னுடுவியோன்னுதான்...”

“தெரியாட்டா போறது. இத்தனை வருஷத்துல, ஒரு துரும்பை எடுத்து அந்தண்டை போடுன்னா நீ கேட்டிருக்கியா? உன்கிட்டயே வேலை வாங்கியிருக்கா. தையிலேயே கல்யாணத்தை வெச்சுடலாம்.”