காற்று இறங்கும் பின் சக்கரம்

பின் ரயர் மறுபடியும் காற்று இறங்கிக் கிடந்தது.

உருத்திரமூர்த்தி சைக்கிளை விட்டு இறங்கிப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். மாவுருண்டை மாதிரி அமுங்கியது. நேற்று முழுக்க இதே கதைதான்.

மொன்றியலில், சபனேல் தெருத் தொழிற்சாலையில், எந்தத் தையல் இயந்திரம் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரு ரயர் விளங்கவில்லை.

ரியூபைக் கழற்றிக் கடல் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்துவிட்டார். ஒரு குமிழி வரவில்லை. ரயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். முள்ளில்லை, கம்பியில்லை. வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தார். எச்சில் அசையவில்லை.

குளிரில் காற்று சுருங்கும், அது உண்மை. ஆனால் குளிர் கூடிய இரவில், தங்கிய விடுதியின் சுவரோடு சாய்ந்து நின்றபோது, ரயர் கல்லாக இருந்தது. பகலில் ஓடத் தொடங்கினால்தான் இறங்குகிறது.

“தள்ளுங்கோ. நான் அடிக்கிறன்.”

பின்னால் தன் சைக்கிளில் வந்த மனைவி புஷ்பவதி பம்மை எடுத்தாள்.

ஆவணியில் அவருடைய நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். சைக்கிள் ஓடலாம், ஆனால் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நின்று ஆறவேண்டும், பாரமான கைவேலை கூடாது என்று டாக்டர் சொன்னார். பம்மை அவளிடம் விட்டுக்கொடுத்தார். நிற்கத்தான் மனம் வரவில்லை. நின்றால் நோயாளி. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டும். அதற்கு முன், தான் பழைய ஆள்தானா என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

அதற்காகத்தான் ஊரை விட்டு இவ்வளவு தூரம், இந்தச் சைக்கிள் பாதைக்கு. ஆறு அகன்று கடலாகிற கரையோரம் முன்பு ரயில் ஓடியது. இப்போது தண்டவாளத்தைக் கிளப்பிவிட்டுச் சரளை பரப்பியிருக்கிறார்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அது போன வழியும் ஏறுவதே தெரியாமல்தான் ஏறும். அதோடு ஐப்பசிக் கடைசி. கோடைக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்க்க வாத்துக்கள் மட்டும்தான்.

கரையில் ஒதுங்கிக் கிடந்த மரக்குற்றியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் விளக்கம் தொடங்கியது.

“வால்வு மூடி காத்தைப் பிடிக்கிறேல்லை, புஷ்பம். அது தூசிக்குத்தான். உள்ளுக்கை ஒரு ஊசி இருக்கு. ஊசியை அமத்தினால்…”

“காத்துப் போகும். போன கிழமை குசினிக்கை சைக்கிளைக் கவிட்டு வைச்சுச் சொன்னனீங்கள். நான் கறி தாளிச்சுக்கொண்டு நிண்டனான்.”

அன்றைக்கு அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அவசரமில்லாமல் அடித்தாள். இரண்டு அடி, ஒரு ஓய்வு. பம் பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்ல நினைத்தார். அதற்குள் கழுத்தில் துடித்துக்கொண்டிருந்த நரம்பு அடங்கிவிட்டது. முகத்தில் காற்றுப் பட்டது. நல்லாக இருந்தது. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

அடித்து முடித்து, மூடியைத் திருகிவிட்டு, கரியான கையைக் கழுவ அவள் கடலோரம் இறங்கிப் போனாள்.

அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார், மூடியைத் தவிர. காற்றைப் பிடிக்காத மூடியைப் பார்க்கக் காரணமில்லை; அதைக் கழற்றுவதும் திருகுவதும் அவள்தான்.

குனிந்து காதைக் கொண்டுபோனார்.

அலைச் சத்தத்துக்குள் மெல்லிய ஒரு சீறல்.

மூடியைக் கழற்றினார். சீறல் நின்றது. மூடியைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் ஒரு பச்சைப் பயறு விழுந்தது.

இந்தக் கரையில் சிப்பி உண்டு, கூழாங்கல் உண்டு. பயறு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்கள் வீட்டுக் குசினிப் போத்தலில்தான் உண்டு. ஊசிக்கு மேலே சரியாக உட்காரும் அளவு. இரவில் எடுத்து வைத்திருக்கிறாள். விடிந்ததும் திரும்பப் போட்டிருக்கிறாள்.

புஷ்பவதி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் கை கழுவினாள். அந்தக் கையில் அவ்வளவு கரி இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

பயறை மூடிக்குள் போட்டுத் திரும்பத் திருகினார். இறுக்கினார், பெரிதாகச் சீறியது. கொஞ்சம் தளர்த்தினார்; காதை ஒட்டி வைத்தால்தான் கேட்டது.

அவள் மேலே ஏறி வந்தாள்.

“என்னப்பா, கண்டுபிடிச்சிட்டியளோ?”

“இல்லை. வெளிக்கிடுவம்.”

மூடியை முழுதாக இறுக்கினால் காற்று உடனே போய்விடும். கால் சுற்றுத் தளர்த்தி விட்டால் அரை மணித்தியாலம் ஓடலாம்.