கையெழுத்துப் போட்டவள்

"உன் லைசென்ஸ் செல்லாதும்மா."

போலீஸ்காரர் கர்ட் இப்படிச் சொன்னதும் டெஸ்ஸா சிரித்துவிட்டாள். வண்டியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்றுதான் நிறுத்தினார். அதற்கு இப்படியா விளையாடுவது?

"வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலையே சார்!"

"வாங்கினதெல்லாம் சரி. இன்னிக்கு மத்தியானம் ரத்தாயிருக்கு. மெஷின்ல காட்டுது."

பக்கத்து சீட்டில் அப்பா டுவெய்ன், மடியில் பொரித்த மீன் பொட்டலத்தோடு சரிந்து கிடந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாரில் போடுகிற மீன். மீனோடு வேறு என்ன உள்ளே போயிருக்கிறது என்று வண்டிக்குள் அடித்த வாடையே சொன்னது.

"ஏய் கர்ட், உன் மெஷினுக்கும் உன்னை மாதிரியே கண்ணு அவிஞ்சு போச்சா? சின்னப் புள்ளைங்க கூட்டாளிங்களை அடைச்சுக்கிட்டுப் போகக் கூடாது. வீட்டு ஆளை ஏத்தலாம். நான் வீட்டு ஆளு! சட்டத்தையே கரைச்சுக் குடிச்சவன்டா நான்."

"நீ குடிச்சது வேற, டுவெய்ன். அதனாலதான் உன் லைசென்ஸைப் பிடுங்கி வெச்சிருக்கு. பேசாம இரு."

கர்ட் டெஸ்ஸா பக்கம் குனிந்தார். குரல் இறங்கிப்போனது.

"பதினெட்டு வயசு ஆகிற வரைக்கும் உனக்காக ஒரு பெரியவங்க பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். போட்டவங்களே போய், 'இனிமே நான் பொறுப்பில்லை'ன்னு சொல்லிட்டா லைசென்ஸ் போச்சு. உனக்குப் போட்டது யாரு?"

டெஸ்ஸா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா."

அம்மாவா? பாலாடைக்கட்டி ஆலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, வீங்கின காலோடு பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டப் பழக்கியவள். சர்ச்சுக்குப் பின்னால் உறைபனியில் வண்டி பம்பரமாய்ச் சுற்றியபோதுகூட, "பயப்படாதே, வழுக்கிற பக்கமே திருப்பு" என்று குரல் உயர்த்தாமல் சொன்னவள். அந்த அம்மாவா?

"பார்த்தியா!" அப்பா கை கொட்டினார். "நாம ரெண்டு பேரும் ஒண்ணாச் சுத்துறது அவளுக்குப் பொறுக்கலை. வயித்தெரிச்சல்!"

இருக்குமோ? லைசென்ஸ் வந்த அன்றைக்கு அப்பாதான் கேக் வாங்கிக்கொண்டு வந்தார், மேலே கிரீமில் கார் வரைந்து. "இந்த வீட்டுக்கு ஒரு நல்ல டிரைவர் கிடைச்சாச்சு!" என்று அவளைத் தூக்கிச் சுற்றினார். அம்மா தன் பங்குக் கேக்கைத் தொடவே இல்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, கர்ட்தான் தன் போலீஸ் காரில் இருவரையும் கொண்டுவந்து விட்டார். தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லை, திரை விலகியது.

அடுக்களையில் அம்மா ரோண்டா உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"நீயாம்மா?"

"நான்தான்." கத்தி நிற்கவில்லை. "மத்தியானம் லீவு போட்டுட்டுப் போய் எழுதிக் கொடுத்தேன். நீ வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவரு உன்னைக் கூப்பிட்டுட்டாரு."

"அடிப்பாவி!" அப்பா வாசற்படியிலேயே கத்தினார். "அப்போ நாளைக்கு என்னை யாரு கூட்டிட்டு வர்றது?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சோபாவில் விழுந்தார். குறட்டை கிளம்பிவிட்டது.

டெஸ்ஸா அம்மாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? வேகமாப் போனேனா? பசங்களை ஏத்திக்கிட்டு ஆட்டம் போட்டேனா?"

"இல்லை. என்னைவிட நல்லா ஓட்டுறே."

"பின்னே ஏன்?"

"இந்த வாரம் எத்தனை நாள் கூடைப்பந்து பழகப் போனே?"

பந்தைக் கையில் எடுக்கும்போதுதான் போன் அடிக்கும். 'கண்ணு, அப்பா பார்ல இருக்கேன், வாடா.'

"கோச் என்ன சொன்னாங்க?"

"என் இடத்துல வேற பொண்ணைப் போட்டுட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "போனாப் போகுது. அப்பா நடந்து வந்தா பனியில விழுந்து விறைச்சுப் போயிடுவாரும்மா! யாராவது போகணும்ல? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை."

"உனக்கு முன்னாடி யாரு போனா? நான்தானே. நாளையிலேருந்து நானே போய்க்கிறேன். பதினெட்டு ஆயிடுச்சுன்னா என் கையெழுத்து உனக்குத் தேவையில்லை. அப்போ வாங்கிக்கோ. வாங்கிக்கிட்டு எவ்வளவு தூரம் வேணும்னாலும் போ."

"எனக்குக் கஷ்டமில்லைன்னு சொல்றேன், அப்புறமும் ஏம்மா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். அப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் இதையேதான் சொன்னேன். பதினாறு வயசுல எனக்கு லைசென்ஸ் வந்த அன்னிக்கு, எங்கப்பாவும் கேக் வாங்கிட்டு வந்தாருடி."