யாரும் திரும்பிப் பார்க்கவில்லை

அந்த வெளிநாட்டு இன்ஜினியரைத் தெருவே 'துரை' என்றுதான் கூப்பிடும்; கூப்பிட்டுவிட்டு, கண்காட்சி மாதிரி வேடிக்கை பார்க்கும்.

"பழகிட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, துரை" என்று வீட்டுக்கார அம்மா சொல்லி இரண்டு வருடமாகிறது. பத்து நாள் வெளியூர் வேலை முடிந்து இன்று திரும்பியபோதுதான் அந்த வாக்கு பலித்தது.

வாண்டுகள் பின்னால் ஓடிவரவில்லை. டீக்கடைக்காரர்கூட வழக்கம்போல் "எந்த ஊரு?" என்று பிடித்துக்கொள்ளவில்லை.

'அப்பாடா, நானும் இவங்கள்ல ஒருத்தன் ஆயிட்டேன்!' துரைக்குத் தலைகால் புரியவில்லை.

வாசலில் வாட்ச்மேன் மட்டும் எழுந்து நின்றார். "வாங்க துரை. எந்த ஊரு உங்களுக்கு?"

"இந்த ஊருதான்!"

"ஆமா, இனிமே இந்த ஊருதான்" என்று வாட்ச்மேன் சிரிக்காமல் வழிவிட்டார்.

மாடியில் துரையின் அறைக் கதவு திறந்து கிடந்தது. சேறு படிந்த அவருடைய பையைப் போலீஸ்காரர் கட்டிலில் வைத்தார்.

"இது அவரோடதுதானாம்மா? ஆத்துல கவுந்த பஸ்ல ஒருத்தர்கூடப் பிழைக்கல."

வீட்டுக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க வாட்ச்மேன் செத்து மூணு நாள்கூட ஆகல, சார். அதுக்குள்ள துரையுமா!"