ஏற்றத்துப் பாலம்

"அண்ணே, இது டீசல் கோளாறு இல்ல. எங்க மாமா கோளாறு."

தம்பி சொன்னதைக் கேட்டு, பானட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற அக்கா சிரிக்கவில்லை.

வண்டி அவளுடையது. கிட்டத்தட்ட அவள் வயதுள்ள பழைய டீசல் பிக்கப். டவுன் லாட்ஜுகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றிப்போய், வீட்டில் வெளுத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. முன்பு கணவன் ஓட்டிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில், வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் உள்ள சின்னப் பாலத்திலிருந்து குடிபோதையில் தவறி விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு அவளே ஓட்டுகிறாள். டவுனுக்கு வரும்போது வண்டி சமர்த்தாக வருகிறது. திரும்பும்போது மட்டும் தினமும் அந்தப் பாலத்தில் நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடுகிறது.

"உயிரோட இருந்தப்பவும் அக்காவ நிம்மதியா விடல. கைநீட்டாத நாளே கிடையாது. செத்தும் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறாரு," என்றான் தம்பி.

இன்றைக்கும் சரியாகாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போவதாகச் சொன்னான். வண்டி போனால் அக்காவின் பிழைப்பும் போகும் என்பது அவனுக்கும் தெரியும். அவள் உயிராவது மிஞ்சட்டும் என்று நினைத்தான்.

மெக்கானிக் ஏற்கெனவே இரண்டு முறை டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்த்துவிட்டார். இன்று அதை மறுபடியும் கழற்றி, தகர உறையை அறுத்துப் பிரித்தார். உள்ளே காகித மடிப்புகள் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தன.

அவருக்குக் குஷி வந்துவிட்டது. வண்டியைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அடைப்பு ஃபில்டரில் இருந்தால் மடிப்பெல்லாம் கறுத்திருக்கும், இது சுத்தமாக இருப்பதால் டீசல் இங்கே வருவதற்கு முன்பே எதிலோ சிக்குகிறது என்று இருவருக்கும் விளக்கினார். பிறகு டேங்கை இறக்கினார். கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவி, உள்ளங்கை அகலப் பாலிதீன் துண்டு ஒன்றை வெளியே எடுத்தார்.

டேங்க் மூடி எப்போதாவது தொலைந்ததா என்று கேட்டார். தொலைந்தது என்றான் தம்பி. புது மூடி வாங்கச் சோம்பல்பட்டு, மாமா வெகுநாள் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டித்தான் ஓட்டினாராம்.

"அவ்வளவுதான் விஷயம். வரும்போது இறக்கம், எஞ்சின் டீசல கொஞ்சமாத்தான் குடிக்கும். போகும்போது ஏத்தம், மூட்டை பாரம் வேற. நிறைய உறிஞ்சும். அப்ப இந்தத் துண்டு குழாய் வாயில போய் ஒட்டிக்கும். எஞ்சின் நின்னா உறிஞ்சறதும் நின்னுரும், துண்டு தானா விட்டுரும். ஏத்தம் செங்குத்தா ஆகறது அந்தப் பாலத்துக்கிட்ட. வண்டிய நிறுத்தினது உங்க மாமாதான் தம்பி, ஆனா பேயா இல்ல, பாலிதீனா."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ மாதமாக நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்தவன் போல, வேலைக்கு நேரமாயிற்றென்று கிளம்பிப் போனான்.

மெக்கானிக் டேங்கை ஏற்றிப் பூட்டினார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் டீசலைத் தடவி, கையாலேயே இறுக்கினார். டீசல் எஞ்சினுக்குக் குழாயில் காற்று இருந்தால் ஆகாது என்று சொல்லிக்கொண்டே, ஃபில்டருக்கு மேலிருந்த கைப்பம்பை அது கல் மாதிரி இறுகும்வரை அமுக்கினார். ஒரே திருகலில் வண்டி உறுமியது.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "இனிமே அங்க நிக்கவே நிக்காதா அண்ணே?"

"நீங்களா நிறுத்தினாத்தான் உண்டு," என்றார் பெருமையாக. அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினார். அது கிடைக்கவில்லை.

அதே பாரம், அதே ஏற்றம் இருந்தால்தான் சோதித்தது சோதித்ததாகும் என்பது அவர் கொள்கை. அன்றைய மூட்டைகளை ஏற்றச் சொன்னார், தாமே ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. ஏற்றம் தொடங்கியதும் எஞ்சினின் குரல் கனத்ததே தவிர, ஒரு இடத்திலும் திணறவில்லை.

பாலம் கண்ணில் பட்டதும் அவள், "அண்ணே, அங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க," என்றாள்.

பாவம், பயம் இன்னும் விடவில்லை என்று அவர் நினைத்தார். நிற்காமல் போவதைக் காட்டத்தானே வந்திருக்கிறேன் என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

"நிறுத்துங்கண்ணே," என்றாள் மறுபடியும். அதற்குள் பாலம் பின்னால் போய்விட்டது.

அவள் திரும்பி, வீடு வரும்வரை பின்பக்கக் கண்ணாடி வழியாக மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மெக்கானிக் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்; அவள் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்து, ஏன் இறங்கவில்லை என்று கேட்டார்.

"அவரு தினமும் டவுன்ல பின்னால ஏறிக்குவாரு அண்ணே," என்றாள் தாழ்ந்த குரலில். "பாலத்துல வண்டி நிக்கறப்ப எறங்கிருவாரு. இத்தன நாளா அதனாலதான் நான் வீட்டுல நிம்மதியா தூங்கினேன்."

அதற்கும் ஒரு விளக்கம் சொல்ல மெக்கானிக் வாயெடுத்தபோது, பாரமான ஆள் ஒருவர் குதித்து இறங்கினால் எழும்புவது போல, வண்டியின் பின்பக்கம் ஒருமுறை எழும்பி அடங்கியது.