முடி இருக்கா, இல்லையா?

"முடி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்!"

சாலைப் பொறியாளருக்குப் பொறுமை போய் நாலு நாளாகிவிட்டது. சரிவில் குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்திருந்த தாவரவியல் அம்மாள் நிமிரவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். அங்கே பூத்திருப்பது எங்கும் முளைக்கிற காட்டு வயலெட் என்றால் புதுச் சாலை நேராகப் போகும். இலைக்காம்பில் மெல்லிய முடியுள்ள அபூர்வ வயலெட் என்றால் சாலை கீழே இறங்கி வளையும். வழியில் நாலு வீடுகளை இடிக்க வேண்டும்.

"இருக்கு," என்றாள்.

"அப்பாடா! எழுதிக் கொடுங்க."

"இருங்க சார். சாதாரணச் செடியிலயும் சில சமயம் ஒண்ணு ரெண்டு முடி இருக்கும். இன்னும் பத்துச் செடி பாத்துடறேன்."

பத்து, நாற்பதாயிற்று. நாற்பதிலும் முடி. பொறியாளருக்குத் தன் தலையில் மிச்சமிருந்ததைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இப்பவாவது எழுதுவீங்களா?"

"கலப்புச் செடியா இருந்தாலும் இப்படி முடி வரும். ஆனா கலப்புன்னா விதை பிடிக்காது. காய் முத்தட்டும், ஒரு வாரம்..."

"ஒரு வாரமா! மெஷினெல்லாம் சும்மா நிக்குது மேடம். ரெண்டும் அதே ஊதா, அதே அஞ்சு இதழ். ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன்!"

சாலையை நிறுத்தத்தான் இப்படி இழுத்தடிக்கிறாள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போனார்.

மறுவாரம் அவள் அறையில், பொறியாளர் எதிரே காத்திருக்க, வெள்ளைத்தாள் மேல் காய்களை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிளந்தாள். பன்னிரண்டிலும் விதை கொழுகொழுவென்று இருந்தது. பதின்மூன்றாவதைத் தேடினாள். இல்லை.

ஒருவழியாக, 'அபூர்வ வகையே' என்று எழுதினாள். கையெழுத்துப் போட அவள் எடுத்துக்கொண்ட நேரமும் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"நினைச்சதைச் சாதிச்சுட்டீங்க. உங்களுக்கென்ன, பூ பொழைச்சுது! நான்தான் நாலு வீட்டுக்கும் அலைஞ்சு அவங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கணும்!" எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீஸில் முன்பே அடித்துக் கொடுத்திருந்த வீடு இடிக்கும் நோட்டீஸ்களை மேஜைமேல் வீசினார்.

அவள் கதவு எண்களைப் பார்த்து, ஒன்றை மட்டும் உருவினாள்.

"மூணு வீட்டுக்கு அலைஞ்சா போதும் சார். இதை நானே வாங்கிக்கறேன். கையெழுத்து எங்க போடணும்?"