இடுப்புப் பக்கத்துச் சாம்பல்

பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அம்சம் கேட்கவில்லை. புருஷனை எரித்த மறுநாள் காலை, எலும்பு பொறுக்கக் கிளம்பிய மகன் பரிதியோடு அவளும் வெண்ணாற்றங்கரைக்கு வந்துவிட்டாள்.

பால் தெளித்து, எலும்புகளைச் சட்டியில் சேர்த்தாயிற்று. அவள் மட்டும் சாம்பலை அளைந்துகொண்டே இருந்தாள்.

"போதும், எந்திரிம்மா. ஆத்துல கரைக்கணும்."

"இடுப்புப் பக்கம் இன்னும் பாக்கலடா."

"அந்த இடுப்பு வலியோடதானே போய்ச் சேந்தாரு! எத்தனை டாக்டர் சொன்னாங்க? பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சவரு, ஒரு ஆபரேஷனுக்குப் பயந்துட்டாரே."

அம்சம் இடுப்புப் பக்கத்துச் சாம்பலைத் துழாவினாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து ஊதிப் பார்த்தாள். புளியங்கொட்டை அளவில் கறுத்த இரும்புத் துண்டு.

"என்னம்மா அது?"

"சண்டையில உங்கப்பா இடுப்புல பாஞ்ச குண்டோட துண்டு."

அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவருக்கு அடிபட்டதாப் பதிவே இல்லன்னு பென்ஷன் ஆபீசுல சாதிச்சாங்கள்ல? 'வலிச்சா வலிச்சுட்டுப் போவுது அம்சம். வெளிய எடுத்தா இதையும் தொலைச்சிடுவாங்க. என்னைய எரிச்சப்புறம் நீயே பொறுக்கிக் கொண்டுபோய்க் காட்டு'ன்னாருடா."