தானாக ஸ்டார்ட் ஆகும் கார்

“பத்து நாளா இதே கதைதான் தம்பி. காலையில பேய் பிடிச்ச மாதிரி காரு தானா ஸ்டார்ட் ஆகுது! ரிமோட் என் கைப்பையிலதான் கிடக்குது. நான் தொடவே இல்லை” என்றாள் நர்ஸம்மா.

எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டு ஃப்யூஸ், ரிலே, எர்த் வயர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

“வயரிங்ல ஒரு குறையும் இல்லைக்கா. எத்தனை மணிக்கு ஆகுது?”

“நான் டியூட்டிக்குக் கிளம்ப அஞ்சு நிமிஷம் முன்னாடி. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு மட்டும் ஆகலை.”

“அட, உங்க டியூட்டி நேரம் காருக்கே அத்துப்படியா!” என்று சிரித்தான். “பேசாம, தூரத்துலேருந்தே வண்டியை ஸ்டார்ட் பண்ற இந்த ரிமோட் ஸ்டார்ட்டரையே கழட்டிடட்டுமா?”

“கழட்டிடு தம்பி. பயமா இருக்கு.”

“ஐயோ, கழட்டாதீங்க!”

மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. ஒன்றுமில்லாத சண்டைக்கு அதே பத்து நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாத கணவர், கையில் இன்னொரு ரிமோட்டோடு அசடு வழிய நின்றார்.

“விடியக்காலை குளிர்ல... அவ ஜில்லுன்னு இருக்கற வண்டியில உட்காரக் கூடாதுன்னு... முன்னாடியே ஹீட்டர் ஓடி சூடாகட்டும்னு... நான்தான்...”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா, இந்தத் தம்பிக்கு இவ்வளவு வேலையே இல்லை. கீழே வாங்க, டீ போடறேன்!”